கட்டிலில் படுத்த பெரிய மகாராஜா

நெடுவயல் சீமையைக் கோதண்டராயர் ஆண்டபோது அரண்மனைக் குதிரைகள் கொள்ளு தின்று கொழுத்துக்கொண்டிருந்தன. தெற்குவாசல் மருத்துவச்சாலையில் படுத்திருந்த சனங்களோ கஞ்சித் தண்ணீரைக் குடித்து இளைத்துக்கொண்டிருந்தார்கள். ராயரின் தகப்பனார் பெரிய மகாராஜா, ஏழை எளியவர்களுக்கென்று கட்டிவைத்த சாலை அது. அவர் காலமானபின் அரண்மனையிலிருந்து நெல் வருவது குறைந்தது, எண்ணெய் நின்றது, கூரை ஒழுகியது. மருத்துவச்சி உலகம்மை ஒருத்திதான் அதை இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

பிரதானி சேஷாசலத்துக்கு அந்த இடத்தின்மேல் ஒரு கண். ஒருநாள் சபையில் மெதுவாக ஆரம்பித்தார்.

"மகாராஜா, புதிதாக வந்த அரபுக் குதிரைகளுக்கு லாயம் போதவில்லை. தெற்குவாசல் சாலையை இடித்துவிட்டால் அருமையான இடம்."

அரசவை விகடர் குழைக்காதருக்குத் திக்கென்றது. பாம்பு கடித்து நுரை தள்ளக் கிடந்த அவர் மனைவியைப் பிழைக்கவைத்தவள் உலகம்மை.

"நல்ல யோசனைதான்" என்றார் குழைக்காதர். "இனி யாருக்காவது காய்ச்சல் வந்தால் குதிரை நாடி பார்க்குமா?"

சபை சிரித்தது. ராயரும் சிரித்தார். ஆனால் அவருக்குக் குதிரைப் பித்து.

"பாவம், படுத்திருப்பவர்களை எழுப்பித் துரத்த வேண்டாம். இப்போது உள்ளே இருப்பவர்களில் கடைசி நோயாளி தன் காலால் எழுந்து நடந்து போகும்வரை சாலை நடக்கட்டும். அப்புறம் லாயம். இது என் வாக்கு" என்றார்.

பிரதானி அன்றைக்கே சாலை வாசலில் காவல் போட்டார். புதிய நோயாளி ஒருவரையும் உள்ளே விடக்கூடாது! காய்ச்சலில் துவண்ட பிள்ளையோடு வந்த வண்ணாத்தியைக் காவலாளி திருப்பி அனுப்பினான். உலகம்மை பின்னாலேயே ஓடி, வேப்பமரத்தடியில் அவளை உட்காரவைத்துப் பிள்ளைக்குக் கஷாயம் புகட்டினாள். அதைப் பார்த்த குழைக்காதருக்கு அன்று வாயில் ஒரு வேடிக்கையும் வரவில்லை.

உள்ளே இருந்தவர்கள் ஒவ்வொருவராகக் குணமானார்கள். உலகம்மை கைராசிக்காரி, என்ன செய்வது! கடைசியில் மிஞ்சியவன் பனையேறி இசக்கி. கால் முறிந்து வந்தவன். எலும்பு எப்போதோ கூடிவிட்டது. ஆனாலும் சாலைக்காகப் படுத்தே கிடந்தான். பிரதானி வந்தால் மட்டும், "ஐயோ, அம்மா" என்று நொண்டிக் காட்டுவான்.

ஒருநாள் பிரதானி கேட்டார்: "எலே, போன தடவை இடது காலை அல்லவா நொண்டினாய்?"

இசக்கி திருதிருவென்று விழித்தான். அவ்வளவுதான், அவனையும் வெளியே அனுப்பிவிட்டார்கள்.

பிரதானி துள்ளிக்கொண்டு அரண்மனைக்குப் போனார். அந்தநேரம் பார்த்து மழை பிடித்துக்கொண்டது. உளுத்த உத்திரம் ஒன்று படாரென்று விழுந்தது. கூடத்தில் நின்றிருந்த பெரிய மகாராஜாவின் கற்சிலை அடிபட்டுச் சாய்ந்து, முழங்காலோடு கால் முறிந்தது.

சேதி கேட்டு ஓடிவந்த குழைக்காதரிடம், "கட்டில்கள் காலியாகக் கிடந்தன ஐயா, ஆள்சேதம் இல்லை. ஆனால் பெரியவருக்குக் கால் போச்சு" என்று கண்ணைத் துடைத்தாள் உலகம்மை.

குழைக்காதர் சிலையைப் பார்த்தார். கட்டிலைப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது.

"உலகம்மா, கால் முறிந்தவருக்கு நீ என்ன செய்வாய்?"

"மூங்கில் பத்தை வைத்துக் கட்டுவேன்."

"அப்படியானால் ஏன் நின்றுகொண்டிருக்கிறாய்?"

இசக்கி தன் கூட்டாளிகளைக் கூட்டிவந்தான். நோயாளியைத் தடுக்கத்தான் காவலாளிக்கு உத்தரவு. வந்தவர்கள் எல்லாரும் கல்லுக்குண்டு மாதிரி இருந்தார்கள். அவன் பேசாமல் வழிவிட்டான்.

மழை விட்டதும் லாயத்துக்கு இடம் பார்க்க ராயர் வந்தார். பிரதானி முன்னால் பாய்ந்தார். கூடத்தில் ஒரே ஒரு கட்டிலில் யாரோ கழுத்துவரை கம்பளி போர்த்தி, சுவர்ப்பக்கம் முகத்தை வைத்துப் படுத்திருந்தார். தலையில் முண்டாசு. வெளியே நீட்டிய காலில் பத்தைக்கட்டு, எண்ணெய் வாசனை.

"யார்லே அது? சோம்பேறிப் பயலே! சும்மா படுத்துச் சோறு தின்ன வந்தாயா? எழுந்து ஓடு!" என்று கத்தினார் பிரதானி.

"பிரதானியாரே," என்றார் குழைக்காதர் பணிவாக, "அதையே முகத்தைப் பார்த்து இன்னொரு தரம் சொல்லுங்கள்." முண்டாசை மெல்ல நீக்கினார்.

பிரதானி எட்டிப் பார்த்தார். பெரிய மகாராஜாவின் கல்முகம் அமைதியாகப் படுத்திருந்தது.

"இது... இது கல்! நோயாளியே இல்லை!"

"கால் முறிந்திருக்கிறது, கட்டும் போட்டிருக்கிறது. வாசல் வழியே புதிதாக வந்தவரும் இல்லை. மகாராஜா வாக்குக் கொடுத்த அன்றும் இதே கூடத்தில்தான் இருந்தார். அவர் தன் காலால் எழுந்து நடந்து போகட்டும், நாளைக்கே லாயம் கட்டுவோம்."

ராயர் கட்டில் ஓரம் உட்கார்ந்து, தகப்பனாரின் கட்டுப்போட்ட முழங்காலைத் தடவினார். மேலே பார்த்தார். கூரையின் ஓட்டை வழியாக ஒரு சொட்டு அவர் நெற்றியில் விழுந்தது.

"என் அப்பா படுத்திருக்கிற இடமா இப்படி ஒழுகுகிறது?" என்றார். பிறகு பிரதானியின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு பீறிட்டது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"காவலை எடுங்கள். வருகிறவர்கள் எல்லாரும் வரட்டும். கூரையைப் பிரதானியார் கூடவே நின்று வேய்ந்து முடிக்கட்டும். ஆற்றங்கரை நஞ்சை முழுவதும் இனி இந்தச் சாலைக்கே சொந்தம். என் அப்பா எழுந்து நடக்கும்வரை!"

தன் முத்துமாலையைக் கழற்றிக் குழைக்காதர் கழுத்தில் போட்டுவிட்டுக் குறும்பாகக் கேட்டார்: "அதுசரி, உலகம்மை கெட்டிக்காரி ஆயிற்றே. அப்பாவுக்குக் கால் எப்போது கூடும்?"

குழைக்காதர் கைகூப்பினார்.

"மகாராஜா, இந்த ஒரு நோயாளிக்கு மட்டும் அவளுடைய கைராசி பலிக்கவே கூடாது என்று நாம் எல்லோரும் சாமியைக் கும்பிட்டுக்கொள்வோம்!"