மயில் மேஸ்திரியும் இரண்டு சாண் கரையும்

புங்கங்காட்டில் ஒரு குட்டை இருந்தது. ஐப்பசி மழைக்கு இன்னும் ஆறே நாள். குட்டையின் கரையோ முப்பது சாண் நீளத்துக்கு இடிந்து கிடந்தது.

கரைக்குக் கீழே ஒரு பட்டமரம். அதன் பொந்தில் செங்கொண்டை என்ற மரங்கொத்தியின் மூன்று குஞ்சுகள் இருந்தன. அவற்றுக்கு இன்னும் இறக்கை முளைக்கவில்லை. தண்ணீர் உடைத்துக்கொண்டால் முதலில் சாய்வது அந்த மரம்தான்.

கரை கட்டுவது கரையான்களின் வேலை. அவற்றைப் போல உழைப்பாளிகள் கிடையாது. ஆனால் சொந்த யோசனை என்பதும் துளி கிடையாது. சொன்னதைச் செய்யும், அவ்வளவுதான். "மண் போடு" என்று சொல்லிவிட்டு "நிறுத்து" என்று சொல்ல மறந்தால், மறுநாள்வரை போட்டுக்கொண்டே இருக்கும்!

செங்கொண்டை கரையான்களைத் தட்டு மொழியில் ஏவுவாள். மரக்கட்டையில் ஒரு தட்டு தட்டினால் மண்ணை எடுக்க வேண்டும். இரண்டு தட்டினால் நனைக்க வேண்டும். மூன்று தட்டினால் வைக்க வேண்டும். ஒவ்வொரு மண் உருண்டைக்கும் இப்படித் தட்டியாக வேண்டும். ஒரு தட்டு பிசகினாலும் கரையான்கள் அப்படியே உட்கார்ந்துவிடும். "அம்மா, இது புரியலை! சரியாத் தட்டுங்க!" என்று கத்தும். பொழுது சாயும்போது ஒரு சாண் கரை எழும்பியிருக்கும். கல்லாட்டம் நிற்கும். ஆனால் ஒரே ஒரு சாண்!

"முப்பது சாணுக்கு முப்பது நாள் ஆகும்! மழை ஆறு நாள்ல வந்துடுமே!" என்று மயில் மேஸ்திரி தலையில் அடித்துக்கொண்டார். காட்டு வேலைக்கெல்லாம் அவர்தான் மேஸ்திரி. வேலை தெரியுமோ தெரியாதோ, தோகை நன்றாக இருந்தது.

அன்று காலை பக்கத்துக் காட்டிலிருந்து மஞ்சமூக்கன் என்ற மைனா வந்தான்.

"நான் கொஞ்சம் ஊதிப் பாக்கட்டுமா மேஸ்திரி?" என்று கேட்டவன், நீளமாக ஒரு சீட்டி அடித்தான். அவனுடைய மொழியில் ஒரு சீட்டிக்கு ஒரு சுவர். எடுப்பது, நனைப்பது, வைப்பது எல்லாம் அந்தச் சீட்டிக்குள்ளேயே அடக்கம். செங்கொண்டை தட்டுவதை நிறுத்திவிட்டு அலகைப் பிளந்து பார்த்தாள். சாயங்காலத்துக்குள் ஐந்து சாண் கரை!

மேஸ்திரிக்குக் கால் தரையில் பாவவில்லை. "நாளையிலிருந்து இந்தக் காட்டுல சீட்டிதான்! எல்லாரும் கத்துக்கணும்!"

"மேஸ்திரி," என்றாள் செங்கொண்டை. "நீளச் சுவரைத் தம்பியே ஊதட்டும். நல்லாத்தான் ஊதுறான். ஆனா நடுவுல மதகு இருக்கு. அதைச் சுத்தி அஞ்சு சாண் நுணுக்கமான வேலை. மழைக்கும் அஞ்சு நாள் இருக்கு. அதை மட்டும் நான் தட்டி முடிச்சிடுறேன்."

மதகு என்பது மிஞ்சிய தண்ணீர் வெளியேறும் வழி. அது அடைபட்டால் தண்ணீர் கரைமேல் ஏறும். பிறகு கரையே இருக்காது.

"ரெண்டு மொழி வெச்சுக்கிட்டு யாரு மேய்க்கிறது?" என்று மேஸ்திரி சிலிர்த்துக்கொண்டார். "பக்கத்துக் காட்டுல ஒருத்தராவது தட்டுறாங்களா? போ, போய்ச் சீட்டி பழகு!"

மரத்தைத் துளைக்கும் அலகில் சீட்டி எப்படி வரும்? வெறும் காற்றுதான் வந்தது. நேற்றுவரை காட்டிலேயே கைதேர்ந்தவள் இன்று ஒரு சுவர் எழுப்பத் தெரியாமல் நின்றாள். அணில்கூடச் சிரித்தது. வெட்கத்தில் அவளுக்கு அழுகை முட்டியது. அந்த நாள் அப்படியே போனது.

மறுநாள் எப்படியோ ஒரு சீட்டி வந்துவிட்டது. செங்கொண்டை மகிழ்ந்து போனாள். கரையான்கள் சுறுசுறுப்பாகக் கிளம்பின. தட்டு மொழியில் பிசகினால் அவை வேலையை நிறுத்திவிடும். சீட்டியில் பிசகினால் அப்படி இல்லை. வேறு எதையாவது முழு மனதோடு கட்டிவிடும்! உச்சி வெயிலில் அசந்து தூங்கிய மேஸ்திரி கண் விழித்தபோது, அவருடைய தோகையைச் சுற்றி அழகான ஒரு சுவர் எழும்பியிருந்தது.

"ஐயோ, என் தோகை! என் தோகை!"

சுவரை உடைத்து அவரை வெளியே எடுப்பதற்குள் அந்த நாளும் போனது.

அன்று மாலை மஞ்சமூக்கன் தொங்கிய முகத்தோடு வந்தான். அவனுடைய சுவர் மதகை எட்டியிருந்தது.

"அக்கா, எத்தனை தடவை ஊதினாலும் மதகை அடைச்சிடுதுங்க. 'இந்த இடத்தை மட்டும் விடு'ன்னு சொல்ல என் மொழியில வழியில்ல. சுவர்னா முழுச் சுவர்தான்."

'வேண்டும், நன்றாக வேண்டும்!' என்று ஒரு நொடி செங்கொண்டையின் மனம் குதித்தது. மறு நொடி பொந்திலிருந்து குஞ்சுகளின் குரல் கேட்டது. அவள் பழைய மரக்கட்டையைத் தூக்கிக்கொண்டாள்.

"நீ அந்தப் பக்கம் ஊதிக்கிட்டுப் போ தம்பி. மதகை எனக்கு விடு."

இந்த முறை மேஸ்திரி தடுக்கவில்லை. தோகையில் ஒட்டிய மண்ணைக் கொத்திக்கொண்டிருந்தார்.

மைனா ஊதினான். மரங்கொத்தி தட்டினாள். நீளச் சுவர் இரண்டே நாளில் முடிந்தது. மதகு வேலையோ ஒரு நாளுக்கு ஒரு சாண்தான். அதற்குமேல் ஓடாது. மூன்று நாளில் மூன்று சாண் முடிந்தது.

ஏழாம் நாள் விடியும்போதே மழை கொட்டியது. கரையான்கள் மண்ணுக்குள் போய்விட்டன. மழையில் அவற்றை எந்த மொழியாலும் வெளியே கூப்பிட முடியாது. மதகுக்குப் பக்கத்தில் இரண்டு சாண் திறந்தே கிடந்தது. குட்டைத் தண்ணீர் அந்த இடத்தைப் பார்த்து ஏறியது.

"என் குஞ்சுங்க!" என்று செங்கொண்டை அலறினாள்.

அந்த அலறல் மேஸ்திரியை உலுக்கிவிட்டது. யாரும் சொல்லாமலே போய் அந்தச் சந்தில் தன் உடம்பைத் திணித்து உட்கார்ந்தார். தோகை சேற்றில் புதைந்தது. தண்ணீர் கழுத்துவரை ஏறியது. பிறகு மதகைத் தேடிப் பிடித்து, சலசலவென்று அதன் வழியே இறங்கியது.

பொழுது சாயும் நேரம் மழை விட்டது. பொந்திலிருந்து மூன்று சின்னத் தலைகள் எட்டிப் பார்த்தன. செங்கொண்டைக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

மேஸ்திரி நடுங்கிக்கொண்டே எழுந்தார். தோகையில் பாதி இறகு இல்லை.

"ரெண்டே ரெண்டு சாண்! அந்த ரெண்டு சாண் எப்படிம்மா குறைஞ்சுது?"

செங்கொண்டைக்குக் கோபம் போயிருந்தது. மெதுவாகத்தான் சொன்னாள்:

"நான் சீட்டி பழகின ரெண்டு நாள் அது, மேஸ்திரி."

கரையானை ஏவினாலும் கணினியை ஏவினாலும், வேலைக்கும் அதைச் செய்கிறவருக்கும் பொருந்திய மொழியே வேகமான மொழி. அடுத்த காட்டைப் பார்த்து மொழியை மாற்றுகிறவன் நாட்களைத் தொலைப்பான்.