சுண்ணாம்பில் போட்ட வீடு

சுகந்தி டீச்சரிடம் எதையும் காகிதத்தில் எழுதி எடுத்துக்கொண்டு போகக் கூடாது. வருகிறவர்களிடம் நான் கேட்டிலேயே இதைச் சொல்லிவிடுவேன். யார் கேட்கிறார்கள்?

ஜனவரி ஒன்றாம் தேதி காலையில் சிகாமணி வந்தபோதும் சொன்னேன். அவர் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே உள்ளே போய்விட்டார்.

எங்கள் இடம் தாராபுரம் ரோட்டில், திருப்பூரைத் தாண்டி இருக்கிற ஒரு பழைய அரிசி ஆலை. ஆலை மூடிப் பல வருஷம் ஆகிறது. சுகந்தி டீச்சர் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்தவர். வேலையை விட்டுவிட்டு வந்து, ஆலையின் குடோனைத் தியானக் கூடமாக்கினார். வயது நாற்பத்தொன்று. வருகிறவர்களில் பாதிப் பேர் அவரைவிடப் பெரியவர்கள். இருந்தாலும் குரு அவர்தான்.

நான் மருதாசலம். விசைத்தறி ஓட்டிக்கொண்டிருந்தவன். ஞானம் கேட்டு வந்தேன், வெளக்கமாறு கொடுத்தார். அந்தக் காலத்தில் நெல் காயப்போட்ட சிமெண்டுக் களத்தை ஆறு வருஷமாகக் கூட்டிக்கொண்டிருக்கிறேன். ஞானம் வந்தபாடில்லை, களம் சுத்தமாக இருக்கிறது. அதில் யாரும் செருப்புக் காலோடு நடக்கக் கூடாது. அந்தச் சட்டம் டீச்சருடையது இல்லை, என்னுடையது.

சிகாமணி கட்டட சூப்பர்வைசர். நாற்பத்தெட்டு வயது. நாலு வருஷமாக ஞாயிறு தவறாமல் வருகிற சிஷ்யர். அன்றைக்கு மனைவி பூங்கொடியையும் மகள் மிருதுளாவையும் கூட்டி வந்திருந்தார். பூங்கொடிக்கு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. மிருதுளா பத்தாம் வகுப்பு, பள்ளிக்கூடத்துக் கபடி டீமில் ரைடர்.

மூன்று பேரும் தியானத்துக்கு உட்கார்ந்தார்கள். சிகாமணியின் முட்டி ஆடிக்கொண்டே இருந்தது. அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தரம் பையில் செல்போன் உறுமியது. அவர் கையை வைத்து அமுக்குவார். அது மறுபடி உறுமும். எனக்கே எரிச்சலாக வந்தது.

"போய்ப் பேசிட்டே வாங்ணா," என்றார் டீச்சர், கண்ணைத் திறக்காமல்.

"புரோக்கருங்க டீச்சர். பன்னெண்டு மணிக்குள்ள டோக்கன் அட்வான்ஸ் கொடுக்கலீன்னா வேற பார்ட்டிக்குப் போயிருமாமுங்க."

"எது?"

"வீடுங்க."

அவ்வளவுதான், தியானம் கலைந்தது. சிகாமணி பையிலிருந்து காகிதத்தை எடுத்தார். பழைய காலண்டர் தாளின் பின்பக்கம். நாலு மூலையிலும் மஞ்சள் தடவியிருந்தது.

அந்த வீட்டில் அது ஒரு பழக்கம். வருஷப் பிறப்பு அன்றைக்கு மூன்று பேரும் காலண்டர் தாளின் பின்னால் அவரவர் ஆசையை எழுதுவார்கள். எழுதி, டீச்சரைத் தொட்டுக் கொடுக்கச் சொல்லி, பூஜை அறைக் கதவில் ஒட்டுவார்கள். போன வருஷம் மிருதுளா 'மாவட்ட டீம்' என்று எழுதியிருந்தாள். அது நடந்தும்விட்டது.

டீச்சர் வாங்கிப் படித்தார்.

"மூணு கையெழுத்து இருக்கும். இந்த வருஷம் ஒரே கையெழுத்தா இருக்குதே?"

"இந்த வருஷம் குடும்பத்துக்கே ஒரே குறிக்கோளுங்க டீச்சர்." சிகாமணிக்கு அதில் பெருமை. "வீடு. அதுக்கு என்னென்ன செய்யோணும்னு மணிக் கணக்கா பிரிச்சு எழுதிட்டனுங்க. நாலு மாசம் உக்காந்து போட்டது. ஒரு ஓட்டை இருக்காது."

டீச்சர் பூங்கொடியைப் பார்த்தார்.

"எனக்கும் வேணுமுங்க," என்றாள் பூங்கொடி. சட்டென்று குரல் ஏறிவிட்டது. "பத்தொம்பது வருஷத்துல ஒம்பது வீடு மாறிட்டேன். இப்ப இருக்கற வீட்டுல சாயங்காலம் ஆறு மணிக்கு மேல மோட்டார் போடக் கூடாது. மொட்டை மாடில துணி காயப்போடக் கூடாது. போன மாசம் இவ படியில ஓடுனாள்னு ஓனரம்மா எல்லாருக்கும் முன்னாடி வெச்சுக் கத்துனாங்க. ஒரு ஆணி அடிக்க நமக்குன்னு ஒரு சுவரு வேணாமுங்களா?"

"வேணும்," என்றார் டீச்சர். "வீடு எவ்வளவு பெருசுங்ணா?"

"இருபதுக்கு முப்பத்திரண்டுங்க. ரெண்டு பெட்ரூம்."

"களத்துல கோடு போட்டுக் காட்டுங்க. பார்க்கலாம்."

சிகாமணி துள்ளி எழுந்துவிட்டார். வண்டிப் பெட்டியில் டேப்பும் நூலும் எப்போதும் வைத்திருப்பார். "மருதாசலண்ணா, சுண்ணாம்புத் தூள் இருக்குதுங்களா?"

இருந்தது. பொங்கலுக்குச் சுவருக்கு வெள்ளையடிக்க நான் வாங்கி வைத்த அரை மூட்டை. கொடுத்தேன். கொடுக்காமல் என்ன செய்வது?

களத்தின் நடுவில் நூல் கட்டி, மூலை மட்டம் பார்த்து, தூளை விரலிடுக்கில் விட்டுக்கொண்டே போனார். வெள்ளைக் கோடு சுவராகிக்கொண்டே வந்தது. வாசல், ஹால், சமையல்கட்டு, ரெண்டு ரூம், ஜன்னல், பாத்ரூம். அந்த அரை மணி நேரம் போன் ரெண்டு தரம் அடித்தது, அவர் காதில் விழவே இல்லை. நான் அந்தப் பக்கம் தண்ணீர் எடுக்கப் போனேன்.

"அண்ணா! சுவத்த மிதிக்கறீங்க!"

"கோடுதானே சிகாமணி?"

"கோடா? அது ஒம்பது இஞ்சு சுவருங்க! வாசல் வழியா வாங்க."

சுற்றிக்கொண்டு வாசல் வழியாகப் போனேன். ஆறு வருஷமாக நான் கூட்டுகிற களம், எனக்கு வழி சொல்கிறார்!

முதலில் பூங்கொடி வலது காலை எடுத்து வைத்து உள்ளே போனாள். கிரைண்டர் இங்கே, அரிசி டிரம் அங்கே என்று வெறும் சிமெண்டைக் காட்டிச் சொன்னாள். மேற்குச் சுவரில் ஆணி அடிக்கிற மாதிரி கையை ஓங்கிச் சிரித்தாள். இப்படிச் சிரிக்கிற பெண் என்று அதுவரைக்கும் எனக்குத் தெரியாது. மிருதுளா மட்டும் ரெண்டாவது ரூமின் வாசலில் வந்து நின்றாள். உள்ளே போகவில்லை.

டீச்சர் குடோன் படியில் உட்கார்ந்து காகிதத்தை மடியில் விரித்தார்.

"நான் மணி சொல்றேன். இதுல எழுதியிருக்கற மாதிரி அவங்கவங்க போய் நில்லுங்க. அந்தத் தண்ணித் தொட்டி பனியன் கம்பெனி. மருதாசலண்ணன் வெளக்கமாறு வெக்கற கொட்டாய் உங்க சைட்டு."

சிகாமணி சிரித்தார். விளையாட்டு அவருக்குப் பிடித்துப்போனது.

"காலையில ஆறு."

பூங்கொடி சமையல்கட்டுக்குப் போனாள். சிகாமணி ஹாலில் நின்றார். மிருதுளா அசையவில்லை.

"மிருதுளா எங்கம்மா நிக்கோணும்?"

அவள் அப்பாவைப் பார்த்தாள். அப்பா சுண்ணாம்புக் கோட்டைப் பார்த்தார்.

"ஈரோட்டுலங்க டீச்சர்," என்றாள். "அத்தை வீட்டுல. ப்ளஸ் ஒன், ப்ளஸ் டூ அங்கிருந்து படிக்கச் சொல்லியிருக்காங்க. என் ரூமை வாடகைக்கு விடறாங்க."

"ரெண்டு கம்பெனிப் புள்ளைகளுக்குங்க," என்றார் சிகாமணி அவசரமாக. "அந்த வாடகை வந்தாத்தானுங்க லோன் கட்ட முடியும். ரெண்டே வருஷம்."

"அங்க டீம் இருக்குதாம்மா?"

"அந்த ஸ்கூல்ல கபடி இல்லீங்க."

"சரி. கேட்டோரம் எடை மேடை இருக்குதே, அதுதான் ஈரோடு. போய் நில்லும்மா."

அவள் போனாள். நீளமான களம் அது. கபடி ஆடுகிற பெண் அவ்வளவு மெதுவாக நடந்து நான் பார்த்ததில்லை.

"காலையில ஒம்பது."

பூங்கொடி தொட்டிக்கு, சிகாமணி கொட்டாய்க்கு.

"சாயங்காலம் ஆறு."

ரெண்டு பேரும் நின்ற இடத்திலேயே நின்றார்கள்.

"பூங்கொடி, வீட்டுக்கு வரலையா?"

"ஒண்ணரை ஷிப்டுங்க டீச்சர். ஒம்பது மணி ஆயிரும்."

"நீங்கண்ணா?"

"ஆறு மணிக்கு மேல நான் கால் டாக்ஸி ஓட்டறனுங்க." சிகாமணி கொட்டாயிலிருந்து கூவிச் சொன்னார். பிறகு, எங்கே நிற்பது என்று தெரியாமல் மதில் ஓரமாக நடக்க ஆரம்பித்தார். டாக்ஸியாம்.

"ராத்திரி ஏழரை."

அம்மா தொட்டியில். அப்பா மதிலோரம். மகள் கேட்டருகில். நடுவில் வெள்ளை வெளேரென்று வீடு.

"வீட்டுல யாரு இருக்காங்க?"

பூங்கொடிதான் சொன்னாள்: "வாடகைக்கு வந்தவங்க இருப்பாங்க."

"மருதாசலண்ணா, நீங்க போய் நில்லுங்க."

போனேன். வாசல் வழியாகத்தான் போனேன். மிருதுளாவின் ரூமில் நின்றேன். சும்மா சொல்லக் கூடாது, நல்ல ரூம். கிழக்குப் பார்த்த ஜன்னல். எனக்கு வெட்கமாகவும் இருந்தது.

"ராத்திரி பத்து."

பூங்கொடி தொட்டியிலிருந்து வந்தாள். சமையல்கட்டில் நின்றாள், பிறகு படுக்கிற ரூமில் போய் உட்கார்ந்து தலையைச் சாய்த்துக்கொண்டாள். நடிக்கவில்லை, அவளுக்கே அசதி வந்த மாதிரி இருந்தது.

"பதினொண்ணரை."

சிகாமணி மதிலை விட்டு வந்தார். வாசலில் காலைத் துடைத்துக்கொண்டு ஹாலுக்குள் வந்து நின்றார். மனைவி தூங்குகிறாள். வீட்டில் முழித்திருக்கிறவன் நான் ஒருத்தன்தான்.

"சாப்பிட்டீங்களா?" என்றேன். யாராவது கேட்க வேண்டுமில்லையா.

அவர் என்னைப் பார்த்தார்.

"ஞாயித்துக்கிழமை?" என்றார் டீச்சர்.

"ஞாயித்துக்கிழமை டாக்ஸிக்கு நல்ல ஓட்டமுங்க," என்று சொல்லும்போதே அவர் குரல் இறங்கிவிட்டது.

"எத்தனை வருஷம் இப்பிடி?"

"லோன் இருபது வருஷமுங்க. மொதல் அஞ்சு வருஷம்தான் இந்தக் கஷ்டம். அப்புறம் சம்பளம் ஏறும்."

"மிருதுளா?"

"அவளுக்கு ரெண்டு வருஷம்தானுங்க. ப்ளஸ் டூ முடிஞ்சதும்…"

"முடிஞ்சதும்?"

"காலேஜ். ஹாஸ்டலுங்க."

"அப்புறம்?"

"வேலை. கோயமுத்தூரோ, பெங்களூரோ."

"அப்புறம்?"

சிகாமணியின் கை, டேப்பை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தது. அது நின்றது. "கல்யாணமுங்க," என்றார், பக்கத்தில் இருந்த எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

பூங்கொடி எழுந்து உட்கார்ந்தாள். "ஏனுங்க, புள்ளைக்காகத்தானே வாங்கறோம்னு சொன்னீங்க? அவ இந்த வீட்டுல ஒரு நாள் கூட இருக்க மாட்டாளாட்ட இருக்குதே!"

"நானென்ன வேணும்னா பண்றேன்?" சிகாமணி வெடித்துவிட்டார். "நீதான இந்த வருஷம் கட்டாயம் வாங்கோணும்னு சொன்னே? மழையில சாமானெல்லாம் டெம்போல ஏத்தி, நடுரோட்டுல நின்னு நீ அழுதியே, அத நான் மறக்கட்டுமா?"

"மறக்கச் சொல்லலீங்க. புள்ளைய அனுப்பச் சொன்னனா நானு?"

"எழுதும்போது பக்கத்துலதான உக்காந்திருந்தே!"

"உக்காந்திருந்தேன். நீங்க என்னையக் கேக்கவே இல்லீங்களே!"

போன் அடித்தது. சிகாமணி எடுத்துப் பார்த்தார். பதினொன்று நாற்பது. புரோக்கர். எடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு டீச்சர் முன்னால் வந்தார். அப்போதும் வாசல் வழியாகத்தான் சுற்றி வந்தார். முகமெல்லாம் வேர்வை. கண் கலங்கியிருந்தது.

"டீச்சர், நீங்களே சொல்லுங்க. கொடுக்கட்டுமா, வேண்டாமா? வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லுங்க, பத்தாவது வாடகை வீட்டுக்கு மூட்டை கட்டறேன். கொடுன்னா இப்பவே கெளம்பறேன். நாலு மாசமாத் தூக்கம் இல்லீங்க எனக்கு. ஏதாச்சும் ஒண்ணு சொல்லுங்க."

டீச்சர் காகிதத்தை மடித்தார். தொட்டும் கொடுக்கவில்லை, கிழிக்கவும் இல்லை. பக்கத்தில் படியில் வைத்தார். காற்றில் பறக்காமல் இருக்க அதன்மேல் சின்னக் கல் ஒன்றை வைத்தார். எனக்கே பதற்றமாக இருந்தது. மணி ஓடுகிறது, ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா இந்த அம்மா?

"நல்ல வீடுங்ணா," என்றார். "கோடு கொஞ்சம் கூட வளையலை."

"டீச்சர்!"

"சொல்றேன். அதுக்கு முன்னாடி, ஈரோட்டுல புள்ளை நிக்குது பாருங்க. எல்லாரும் வந்துட்டீங்க. அவள இன்னும் யாரும் கூப்பிடலை."

சிகாமணி திரும்பினார். நானும் பார்த்தேன்.

எடை மேடையில் மிருதுளா நின்றுகொண்டிருந்தாள். காலையில் ஆறு மணிக்குப் போகச் சொன்ன இடத்திலேயே. அந்த மூலையில் நிழல் கிடையாது. வெறுங்காலோடு, சூடு தாங்காமல் ஒரு காலை மாற்றி ஒரு காலை வைத்துக்கொண்டு, நெற்றியில் கையை வைத்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். சொன்ன இடத்தை விட்டு அசையவில்லை. யாராவது கூப்பிட்டால்தான் வருவாள் போலிருந்தது.

சிகாமணி போனைப் படியில், காகிதத்தின் பக்கத்தில் வைத்தார். களத்தில் இறங்கி நடந்தார். வாசலைத் தேடவில்லை. ஹால் சுவரை மிதித்து, ரூம் சுவரை மிதித்து, பின்சுவரையும் மிதித்து, கேட்டைப் பார்த்து நேராகப் போனார். அவர் போன வழியெல்லாம் வெள்ளைக் காலடி விழுந்தது.

சுவரு என்று எனக்கு வாய் வரைக்கும் வந்தது. சொல்லவில்லை.