பச்சோந்தி விற்ற பால் வண்டி

சத்தியம்! இதில் ஒரு சொல்கூடப் பொய் கிடையாது. பொய்யாக இருந்தால் என் தலையில் இந்த நிமிஷமே கொம்பு முளைக்கட்டும். முளைக்கவில்லையே? அப்படியானால் நம்பிக் கேளுங்கள், பிள்ளைகளே.

ஒரு காட்டில் மாராயி என்றோர் எருமை இருந்தாள். பொறுமைக்குப் பேர்போனவள். தன் பாலைத் தானே கறந்து, தானே கேனில் ஊற்றி, மலைக்கு அந்தப் பக்கத்துச் சந்தையில் விற்றுப் பிழைத்தாள். நடந்து போய்ச் சேர்வதற்குள் பால் தயிராகிவிடும். அதனால் ஒரு வண்டி வாங்க நினைத்தாள்.

அந்தக் காட்டில் வண்டி விற்பவன் சொக்கு என்ற பச்சோந்தி.

"புத்தம் புது வண்டி அக்கா! இந்தச் சிவப்பைப் பாருங்க. ரோட்டுல போனா சிறுத்தையே ஒதுங்கி வழிவிடும். ஒரு வருஷத்துக்கு என்ன கோளாறு வந்தாலும் நான் பொறுப்பு!"

மாராயிக்கு இருந்த ஒரே சொத்து ஓடைக்கரைப் புல்வெளி. அதைச் சொக்குவுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு வண்டியை வாங்கினாள்.

முதல் நாளே, மலைச்சரிவில் இறங்கும்போது பிரேக்கை மிதித்தாள். வண்டி நிற்கவில்லை. எழுந்து நின்று மிதித்தாள். வண்டி இன்னும் உற்சாகமாக ஓடி, அடிவாரத்துக் குளத்தில் குதித்தது. எருமைக்குக் குளம் பிடிக்கும்தான். பால் கேனோடு விழப் பிடிக்குமா? குளம் முழுக்கப் பால். தவளைகள் டம்ளரோடு வந்துவிட்டன.

"தம்பி, பிரேக் பிடிக்கலை" என்றாள் மாராயி.

"என் வண்டியிலயா? சிவப்பு எல்லார் கண்ணையும் இழுக்குதுக்கா. திருஷ்டி பட்டிருக்கு. விட்டுட்டுப் போங்க, சரி பண்ணித் தர்றேன்."

வண்டி பச்சை நிறத்தில் திரும்பி வந்தது.

"பிரேக்கைப் பார்த்தியா தம்பி?"

"பார்க்காம விடுவேனா?"

பார்த்தான்தான். பார்த்ததோடு சரி.

மறுபடியும் குளம். "பச்சை உங்க ராசிக்கு ஆகலைக்கா" என்று நீலம் பூசினான். மறுபடியும் குளம். "மஞ்சள் மங்களம்!" என்று மஞ்சள் பூசினான். அடுத்த முறை தவளைகள் காப்பித் தூளோடு கரையிலேயே காத்திருந்தன.

குளத்திலிருந்து எழுந்த மாராயிக்கு வாழ்க்கையில் முதல் முறையாகக் கோபம் வந்தது. புல்வெளி போயிற்று. மேய்வதற்கு இடமில்லை என்றால் பால் ஏது? பால் இல்லை என்றால் பிழைப்பு ஏது? 'நான் பொறுக்கப் பொறுக்க இவன் பூசிக்கிட்டேதான் இருப்பான்' என்று நினைத்தவள், வண்டியைத் தள்ளிக்கொண்டே மலையேறி, யானையின் நீதிமன்றத்துக்கு வந்தாள். சக்கரத்துக்கு அடியில் ஒரு கல்லை வைத்துவிட்டு வழக்கைச் சொன்னாள்.

யானை சொக்குவைக் கூப்பிட்டனுப்பினார். அவன் சிரித்துக்கொண்டே வந்தான்.

"ஐயா, நான் வித்தது சிவப்பு வண்டி. இது மஞ்சள். இது யாரு வண்டியோ! அக்கா அடிக்கடி குளத்துல விழறாங்கல்ல, தலைக்குள்ள தண்ணி போயிருக்கும், பாவம்."

கூட்டம் மாராயியைப் பார்த்தது. மாராயி அசரவில்லை.

"ஐயா, இந்த வண்டியைக் கொம்பால ஒரு கீறு கீறிக் காட்டட்டுமா?"

"கீறு."

சர்ரென்று ஒரு கீறல். மஞ்சள் உரிந்து நீலம் தெரிந்தது. இன்னொரு கீறல். பச்சை. இன்னொன்று. பளபளவென்று சிவப்பு!

"இதுதான் இவன் வித்த வண்டி ஐயா. பிரேக் பிடிக்கலைன்னு கொண்டுபோனப்ப எல்லாம் மேல ஒரு பெயிண்டு அடிச்சான். பிரேக் மட்டும் வாங்கின அன்னைக்கு இருந்த மாதிரியே இருக்கு."

யானை கல்லை எடுத்துவிட்டு, ஒரு காலால் பிரேக்கை அழுத்தினார். யானையே மிதித்தும் வண்டி நைசாகக் குளத்தைப் பார்த்து நகர்ந்தது. தும்பிக்கையால் இழுத்து நிறுத்த வேண்டியதாயிற்று.

"சொக்கு, சரி பண்ண உனக்கு வேண்டிய வாய்ப்பு கொடுத்தாச்சு. இனிமே வேற நல்ல வண்டி வாங்கிக்கறதோ, கொடுத்த விலையைத் திருப்பி வாங்கிக்கறதோ, அது மாராயி இஷ்டம். உன் இஷ்டம் இல்ல. குளத்துல கொட்டின பாலுக்கும் நீதான் பதில் சொல்லணும்."

"ஐயா, ஒரே ஒரு தடவை! நாளைக்கே சரி பண்ணித் தர்றேன்!"

"எந்தக் கலர்ல தம்பி?" என்று கேட்டாள் மாராயி.

கூட்டம் கொல்லென்று சிரித்தது. பெயரே இல்லாத ஒரு நிறத்துக்கு மாறிப்போனான் சொக்கு.

"உன் கடையில இன்னொரு வண்டியா? வேண்டவே வேண்டாம். என் புல்வெளியைக் கொடு."

அன்று சாயங்காலமே மாராயி ஓடைக்கரையில் வயிறு நிறைய மேய்ந்தாள். கொட்டிய பாலுக்கு ஈடாக, அவளுடைய கேன்களை முதுகில் சுமந்து சந்தைக்கு ஏறி இறங்கினான் சொக்கு.

நடந்தது இவ்வளவுதான். ஆனால், இதைச் சொன்னது யார் என்று மட்டும் ஒருவரிடமும் மூச்சு விடாதீர்கள். அந்தப் பயல் எந்தக் கிளையில், எந்த நிறத்தில் ஒட்டிக்கொண்டு ஒட்டுக் கேட்கிறானோ!

நீதி: விற்றவன் குறையைத் தீர்க்காமல் மூடி மறைத்தால் பொறுத்துக்கொண்டே இராதே, ஆதாரத்தோடு போய் நியாயம் கேள்.