மாவு மில் மீட்டர்

மீட்டருக்குள் சக்கரம் சுற்ற, பக்கத்தில் ரீடிங் எழுதும் வெள்ளை அட்டை தொங்கிய காலம் அது. தீபாவளிக்கு முறுக்கு மாவு அரைக்க மில்லில் வரிசை நின்றது. அரைத்துக் கொடுக்கும் வள்ளித்தாயிடம் கரண்ட் ஆபீஸ் அதிகாரி அட்டையை ஆட்டினார்.

"மூணு மடங்கு ஓடியிருக்கு. கட்டலைன்னா இப்பவே பியூஸ் கட்டையைப் பிடுங்கிருவேன்."

"மோட்டார் கருகி நடுவுல நாலு மாசம் மில்லே ஓடலையே, சார்!"

"மாசாமாசம் நேர்ல பார்த்து எழுதினது. அட்டை பொய் சொல்லுமா?"

"சொல்லாதுங்க. இன்னைக்கு ரீடிங்கை நீங்களே பார்த்து எழுதிருங்க."

அதிகாரி மீட்டரை அண்ணாந்து பார்த்தார். கண்ணாடி முழுக்கக் காய்ந்த குளவிக்கூடு. ஓர் எண்கூடத் தெரியவில்லை.

"இந்தக் கூடு எப்போ கட்டினது?"

"சித்திரையிலங்க. அதுக்கப்புறம் ரீடிங் எடுத்ததெல்லாம் குளவிதான். உங்க ஆளு கையெழுத்து மட்டும் போட்டிருக்காரு."

வரிசை மொத்தமும் சிரித்தது. பியூஸ் கட்டை இருந்த இடத்திலேயே இருந்தது.

இப்போது எண் மின்னும் மீட்டர் வந்துவிட்டது. பாவம், குளவிக்குத்தான் வேலை போச்சு.