குங்குமம் வைத்த அச்சு

இருளப்பனுக்கு முதலில் துரோகம் செய்தவன் ஃபோர்மேன் தணிகாசலம். அதைச் சொல்லிவிட்டுத்தான் கதைக்குள் போக வேண்டும்.

ரயில் சக்கரங்களைத் தாங்கும் இரும்பு அச்சு, சுற்றுக்குச் சுற்று வளைந்து வளைந்து களைத்துப்போகும். களைப்பு முதலில் தோலில்தான் கீறும். அந்தத் தோலை மட்டும் பழுக்கக் காய்ச்சி, சட்டென்று நீரடித்து இறுக்கினால் அச்சு நெடுநாள் உழைக்கும். பட்டறையில் அந்த வேலை இருளப்பனுடையது. அவன் இறுக்கிய முதல் அச்சைக் கடைந்து, முகம் தெரியும்படி மெருகேற்றினார்கள். அச்சுகளைச் சோதிக்கும் கில்பர்ட் கருவியால் தடவிப் பார்த்து, கீறல் இல்லை என்று சாக்பீஸால் குறி போட்டான்.

மறுநாள் ஆயுத பூஜை. பட்டறையின் பேரை அச்சின் முனையில் குத்துவதுதான் வழக்கம்.

"அங்கே குத்தினா வர்ற பெரியவங்க கண்ணுக்கு எப்படிய்யா தெரியும்?" என்று தணிகாசலம் எழுத்து உளியை நடு உடம்பில் வைத்தான்.

"வேண்டாம்ணே, இறுகின தோல். உளி பட்டா விண்டுபோகும்!" என்றான் இருளப்பன்.

"ரயிலையே தாங்குமாம், என் சுத்தியலைத் தாங்காதாம்! இதென்ன, உன் பொண்டாட்டி சுட்ட முறுக்கா?"

எல்லாரும் சிரித்தார்கள். கில்பர்ட்டும் சிரித்தான். எழுத்துப் பள்ளங்களில் மட்டும் குங்குமம் அப்பிக் கற்பூரம் காட்டினார்கள்.

பிறகு அச்சைச் சோதனை எந்திரத்தில் ஏற்றிச் சுழற்றினார்கள். பழைய அச்சு தாங்கியதில் பாதிகூடத் தாங்காமல் முறிந்தது. முறிந்த முகத்தில் சிப்பி ஓட்டின் வரிகள்போல் வளையங்கள். அவை சுருங்கிச் சேர்ந்த விளிம்பில் சிவப்பாக ஒரு துணுக்கு.

"துரு! துருவோட காய்ச்சியிருக்கான்," என்றான் தணிகாசலம்.

"நான் பார்த்தப்போ நல்லாத்தான் இருந்துச்சு. அப்புறம் நடந்ததுக்கு என்னைக் கேட்காதீங்க," என்றான் கில்பர்ட்.

"உளி வச்ச கையைக் கேளுங்கய்யா!" என்று இருளப்பன் கத்தினான். யாரும் கேட்கவில்லை. அவனுடைய எந்திரத்தை வேறொருவனிடம் கொடுத்து, அவனைப் பழைய இரும்புக் கிடங்குக்கு விரட்டினார்கள்.

காய்ச்சியவன், சோதித்தவன், பேர் குத்தியவன். இந்த மூவரில் அச்சை முறித்தது யார்?

விடை: கடைந்து மெருகேற்றிய அச்சில் துரு ஏது? அந்தச் சிவப்பு, பூஜைக் குங்குமம். குங்குமம் இருந்தது எழுத்துப் பள்ளத்தில் மட்டும். வளையங்கள் சுருங்கிச் சேரும் இடம்தான் கீறல் பிறந்த இடம்; அதுவும் அங்கேதான். முறித்தவன் தணிகாசலம்; பார்த்துச் சிரித்தவன் கில்பர்ட். ஓய்வு பெற்ற பிறகும் தணிகாசலம் ஆயுத பூஜைக்கு வந்து முன்வரிசையில் உட்காருகிறான், தன் கையால் எல்லாருக்கும் பொரி அள்ளிக் கொடுக்கிறான். இருளப்பன் கை நீட்டுவதில்லை. அவனுக்கு அந்த ஆளிடமிருந்து வர வேண்டியது பொரி அல்ல.