வண்டிகள் பறந்த நாள்

ஓசூர் கம்பெனி ஒன்றில் திரவியம் மேனேஜர். ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு, சனிக்கிழமைதோறும் கல்லூரிக்குப் போய், தன்னைவிட இளையவரான நஸீமா டீச்சரிடம் சிமுலேஷன் படித்தார். ஒரு தொழிற்சாலையையே கம்ப்யூட்டருக்குள் ஓடவிட்டுப் பார்க்கிற வித்தை அது. இந்த வயசில் இதெல்லாம் தேவையா என்று வீட்டில் கேலி செய்தார்கள். மனுஷன் கேட்டால்தானே!

அன்றைக்கு அவர் முகமே சரியில்லை.

"என்ன சார், சாப்பிடலையா?"

"சாப்பாடு எங்க மேடம் இறங்குது? சந்தியாகுவை லைன்லேர்ந்து எடுக்கணும். திங்கக்கிழமை அவன்கிட்ட சொல்லியாகணும்."

சந்தியாகு, வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் அவருக்குத் தோழர்; கம்பெனியின் உற்பத்தி லைனை இப்போது பார்த்துக்கொள்பவர். பொருளைச் சுமந்துகொண்டு தானாக ஓடும் வண்டிகளும், எந்தப் பாகத்தையும் செய்து தரும் மெஷின்களுமாகப் புது லைன் வந்தபோது, இருவரும் சேர்ந்துதான் சுவிட்சைப் போட்டார்கள்.

"அவர் என்ன தப்பு பண்ணார்?"

"ஆரம்பத்துல வண்டிங்க பறக்கும் மேடம்! நானும் அவனும் டீயைக் கையில வெச்சுக்கிட்டு வேடிக்கை பார்ப்போம். குடிக்கவே மறந்துடுவோம். என்ன நாளுங்க அதெல்லாம்! இப்போ எந்த மெஷின் முன்னாடி பார்த்தாலும் வண்டி வரிசையா நிக்குது. அவனுக்கு அக்கறை போயிடுச்சு."



 திரவியம் தன் லைனைப் போலவே கம்ப்யூட்டரில் கட்டியிருந்த மாடலை டீச்சர் திறந்தார்.

"இன்னிக்கு இருக்கிற ஆர்டரையே குடுத்து ஓட்டுங்க."

ஓட்டினார். திரையில் வண்டிகள் பறந்தன. திரவியத்துக்கு முகமெல்லாம் சிரிப்பு.

"இதேதான் மேடம்! அப்படியே இருந்துச்சு!"

"நிறுத்திடாதீங்க. ஓடட்டும்."

கொஞ்ச நேரத்தில் ஒரு மெஷின் முன்னால் ஒரு வண்டி காத்து நின்றது. அதன் பின்னால் இன்னொன்று வந்து நின்றது. பிறகு எங்கே பார்த்தாலும் வரிசைதான்.

"இதுல சந்தியாகு எங்க சார் இருக்கார்?"

"மாடல்ல ஆளே கிடையாதே மேடம். வண்டியும் மெஷினும்தான்."

"அப்போ அக்கறை யாருக்குப் போச்சு?"

திரவியம் மாடலை மறுபடி முதலிலிருந்து ஓட்டினார். வண்டிகள் பறந்தன.

"பின்ன முதல்ல ஏன் அப்படிப் பறந்துச்சு?"

"ஆரம்பிக்கும்போது லைன் காலியா இருந்துச்சு. வழியில எந்த வண்டியும் நிக்கல. லைன் நிறைஞ்சப்புறம் வரிசை நிக்கிறதுதான் வழக்கம், யார் பார்த்துக்கிட்டாலும்."

 திரவியத்துக்குக் கண் கலங்கிவிட்டது, பாவம்.

"அப்போ அந்த நாளெல்லாம் பொய்யா மேடம்?"

"சேச்சே, யாரு சொன்னா? ரொம்ப நல்ல நாள் சார். ஆசை தீர நினைச்சுப் பாருங்க. ஆனா அதை வெச்சு சந்தியாகுவை அளந்துடாதீங்க."