பஞ்சாரம் கவிழ்ந்த நாள்

கோழிக்குப் பல் இருந்த காலத்துக்கு ரொம்பப் பின்னால், உங்களுக்கும் எனக்கும் ரொம்ப முன்னால், மருதூர் என்றொரு நாடு இருந்தது. அதை அதிரூப மகாராஜா ஆண்டுவந்தார். நான் சொல்வதை நம்பாதவர்கள் இப்போதே எழுந்து போகலாம். அவர்கள் பங்குச் சுண்டலையும் நானே தின்றுகொள்கிறேன்.

அந்த ராஜாவுக்கு யானை பிடிக்காது, குதிரை பிடிக்காது, சேவல்தான் பிடிக்கும். அவருடைய செவலைச் சேவலுக்கு வால் எவ்வளவு நீளம் என்கிறீர்கள்? சேவல் கொலுமண்டபத்துக்குள் நுழைந்தால் வாலின் நுனி வந்துசேர அரை நாழிகை ஆகும். அது கூவத் தவறிய ஒரு நாள் சூரியன் மலைக்குப் பின்னால் நின்று யோசித்ததாம்.

வருஷத்துக்கு ஒருமுறை, ஆனி மாதத்து உச்சிவெயிலில், ஆற்றங்கரை மைதானத்தில் சேவல் அழகுப் போட்டி நடக்கும். சண்டை கிடையாது, கத்தி கிடையாது, அழகு மட்டும்தான். ஜெயித்த சேவல் எந்த ஊரோ, அந்த ஊருக்குத்தான் ஆடியில் முதல் தண்ணீர். அந்த ஊர் வயல் நிறைகிறவரை மற்ற மடைகளெல்லாம் மூடியே இருக்கும்.

சேவல் ஒவ்வொன்றும் தன் பஞ்சாரத்துக்குப் பக்கத்தில் நிற்கும். பஞ்சாரம் என்றால் கோழியை மூடுகிற மூங்கில் கூடை. நடுவர் தடவிப் பார்த்துக் குறை கண்டால் பஞ்சாரத்தை எடுத்துச் சேவல்மேல் கவிழ்த்துவிடுவார். கவிழ்த்தால் கவிழ்த்ததுதான். ராஜாவே சொன்னாலும் நிமிர்த்த முடியாது.

தடவிப் பார்த்து என்று சொன்னேன், கவனித்தீர்களா? நடுவர் காளத்திக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. பார்வைக்குப் பதிலாகக் கடவுள் பத்து விரல் கொடுத்திருந்தார்.

“அப்படியானால் நிறம் எப்படித் தெரியும்?” என்று கேட்பீர்கள். அதற்குத்தான் உச்சிவெயில்! ஒரு நாழிகை வெயிலில் நின்றால் கறுப்பு இறகு சுடும், சிவப்பு இறகு வெதுவெதுக்கும், வெள்ளை இறகு குளிர்ந்திருக்கும். கறுப்புச் சேவலின் அக்குள் இடுக்கில் கடுகளவு வெள்ளை இருந்தாலும் காளத்தியின் விரல் அங்கே போய் நிற்கும். பார்க்கிறவர்களுக்கு மயிர்க்கூச்செறியும்.

குறைகள் மூன்று வகை. கோணல் விரல், வளைந்த வால் போன்ற பிறவிக் குறை ஒன்று. நிறத்தில் கலப்பு ஒன்று. மூன்றாவது, மனிதன் கை வைத்த குறை: சாயம் பூசுவது, ஒட்டுவது, பிடுங்குவது. இதில் பிடுங்கியதைக் கண்டுபிடிப்பதுதான் கஷ்டம். இறகு தானாகவும் விழுமே! ஆகையால் இறகுக் குழி வெறுமையாக இருந்தால் காளத்தி ஒரே ஒரு கேள்வி கேட்பார்.

“விழுந்ததா, பிடுங்கினதா?”

வளர்த்தவர் சொல்வதே முடிவு. அதற்குமேல் விசாரணை இல்லை. அதுதான் அந்த நாட்டு வழக்கம்.

அந்த வருஷம் ராஜாவின் செவலையோடு சேர்த்து இருநூறு சேவல்கள் வந்தன. கால்வாயின் கடைசி மடையான குறும்பட்டியிலிருந்து சிட்டம்மாள் ஒரு சேவல் கொண்டுவந்தாள். அண்டங்காக்கை பக்கத்தில் வந்து நின்றால் காக்கைதான் வெளுத்துத் தெரியும், அப்படி ஒரு கறுப்பு. குறும்பட்டிக்கு மூன்று வருஷமாகத் தண்ணீர் வரவில்லை. மூன்று முறை நட்ட நாற்று மூன்று முறையும் காய்ந்தது. இந்த வருஷமும் வராவிட்டால் ஊரைக் காலி செய்துவிட்டுப் போவதாகப் பேச்சு. கூட வந்த பதினோரு பேரும் மூன்று நாள் நடந்து, அந்தச் சேவலை மாறி மாறித் தோளில் சுமந்து வந்தார்கள்.

பக்கத்தில் மேல்மடைப் பெரியண்ணன் தன் மயில்நிறச் சேவலோடு நின்றான். வாய் சும்மா இருக்காது அவனுக்கு.

“ஏம்மா சிட்டு, உங்க ஊர்ல கோழி குடிக்கவாவது தண்ணி இருக்கா?”

“இருக்குங்கண்ணா. கோழி குடிச்சது போக மிச்சத்தைத்தான் நாங்க குடிக்கிறோம்” என்றாள் சிட்டம்மாள்.

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். ஆனால் அவள் கை சேவலின் இடது இறக்கையைப் பொத்தியே இருந்தது. ஏனென்று உங்களுக்கு மட்டும் சொல்கிறேன். அன்று காலை சேவலைத் துடைக்கும்போது இடது இறக்கைக்கு அடியில் ஒரு வெள்ளை இறகைக் கண்டாள். அரிசி நீளம்தான் இருக்கும். யாரும் பார்க்கவில்லை. பிடுங்கி மண்ணில் புதைத்துவிட்டாள்.

முரசு முழங்கியது. காளத்தி வரிசையாக வந்தார். முதல் சேவலுக்கு விரல் கோணல், கவிழ்த்தார். இரண்டாவதற்கு வால் சாய்வு, கவிழ்த்தார். மூன்றாவதன் கொண்டையைத் தடவி, விரலை நக்கிப் பார்த்து, “சிவப்பு மஞ்சாடிச் சாயம். புளி கொஞ்சம் கூடிப்போச்சு” என்றார். கவிழ்த்தார். கூட்டம் வாயைப் பிளந்தது.

மற்றவர்களிடமெல்லாம் வெறும் குழிதான் அகப்பட்டது.

“விழுந்ததா, பிடுங்கினதா?”

“விழுந்ததுங்க.”

“விழுந்ததா, பிடுங்கினதா?”

“விழுந்ததுங்க சாமி.”

“விழுந்ததா, பிடுங்கினதா?”

“எங்க குலதெய்வத்துமேல ஆணையா விழுந்ததுங்க!”

அன்று மட்டும் நூற்றுப் பதினேழு இறகுகள் தானாக விழுந்திருந்தன. ஆற்றங்கரை அரசமரம்கூட அந்த வருஷம் அத்தனை இலை உதிர்க்கவில்லை.

காளத்தி சிட்டம்மாளிடம் வந்தார். கறுப்புச் சேவலைத் தடவத் தடவ அவர் முகம் மலர்ந்தது. “அடேயப்பா! அடுப்புக்கல்லு மாதிரி ஒரே சூடு. நாற்பது வருஷத்துல இப்படி ஒரு கறுப்பை நான் தொட்டதில்லை” என்றார். குறும்பட்டிக்காரர்கள் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள். அவர் விரல் இடது இறக்கைக்கு அடியில் போனது. நின்றது.

“விழுந்ததா, பிடுங்கினதா?”

சிட்டம்மாள் ஊர்க்காரர்களைப் பார்த்தாள். சேவலைப் பார்த்தாள். சேவல் அவள் முழங்கையில் தலையைச் சாய்த்துக்கொண்டு நின்றது.

“பிடுங்கினதுங்க. வெள்ளை இறகு. நான்தான் பிடுங்கினேன்.”

காளத்தி சேவலிலிருந்து கையை எடுத்தார்.

“விழுந்ததுன்னு சொல்லியிருந்தா இந்த வரிசையிலயே உன் சேவலுக்குத்தான் முதல் இடம். தெரியுமா தாயி?” என்றார் காளத்தி.

“தெரியுங்க. பிடுங்கினப்போ இது கத்தலைங்க. சோறு போடற கைதானேன்னு சும்மா நின்னுச்சு. அதுக்குத்தான் வாயில்லை. எனக்கு இருக்கே.”

அவர் கவிழ்க்கும்வரை அவள் காத்திருக்கவில்லை. தானே பஞ்சாரத்தை எடுத்துச் சேவல்மேல் கவிழ்த்தாள். குறும்பட்டிக்காரர்களில் ஒருவர், “போச்சு, எல்லாம் போச்சு” என்று வெயில் மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டார்.

அப்போது பக்கத்தில் ‘சரக்’கென்று ஒரு சத்தம். பெரியண்ணன் தன் பஞ்சாரத்தைக் கவிழ்த்திருந்தான். “என்னுதும் பிடுங்கினதுதானுங்க. நாலு இறகு” என்றான். தலை நிமிரவில்லை.

அடுத்து ஒரு சரக். அப்புறம் இரண்டு. அப்புறம் பத்து. காற்றில் பனந்தோப்பு சலசலப்பதுபோல மைதானம் முழுக்கப் பஞ்சாரம் கவிழ்கிற சத்தம்! அந்தச் சத்தத்தைக் கேட்டு ஆறே ஓட்டத்தை நிறுத்திக் காது கொடுத்ததாகச் சொல்வார்கள். நானும் அப்படித்தான் சொல்வேன்.

கடைசியில் ஒரே ஒரு சேவல் நின்றது. ராஜாவின் செவலை. மகாராஜா சிம்மாசனத்திலிருந்து இறங்கி, வெறுங்காலோடு சுடுமணலில் நடந்து வந்தார். வாலின் நீளத்தில் முக்கால் பங்கை ஒரே இழுப்பில் உருவிக் கையில் எடுத்தார்.

“தேன்மெழுகு. ஒட்டியது” என்றார். தன் கையாலேயே பஞ்சாரத்தைக் கவிழ்த்தார்.

ஜனங்கள் சிரிக்கவில்லை. கைகூப்பி நின்றார்கள்.

“காளத்தி, நிற்கிற சேவல் ஒன்றுகூட இல்லையே. முதல் தண்ணீர் யாருக்கு?” என்றார் ராஜா.

காளத்தி கொஞ்சநேரம் தாடியைத் தடவினார். “மகாராஜா, நிற்கிறதை வச்சுத் தீர்ப்புச் சொல்ல வழியில்லை. கவிழ்ந்ததை வச்சுத்தான் சொல்லணும். நான் கவிழ்த்ததெல்லாம் என் விரல் கண்டுபிடிச்சது, அது சேராது. தானே கவிழ்த்ததுல முதல் பஞ்சாரம் எதுவோ, அந்த ஊருக்கு முதல் தண்ணீர்.”

ராஜா சரி என்றார். இருநூறு ஊரும் சரி என்றது.

ஆடியில் தண்ணீர் வந்தது. எல்லா மடைகளும் மூடியிருக்க, கால்வாய் நெடுக ஊர் ஊராய்க் கரையில் நின்று அது தங்களைக் கடந்துபோவதைப் பார்த்தார்கள். மேல்மடையில் பெரியண்ணன் ஒரு பூவைப் பறித்துத் தண்ணீரில் விட்டு, “சிட்டு ஊருக்குப் போ” என்றானாம். மூன்று நாள் கழித்து அந்தப் பூ குறும்பட்டி வயலில் ஒதுங்கியபோது, கறுப்புச் சேவல் வரப்பில் ஏறி இறக்கையை அடித்துக் கூவியது. இடது இறக்கைக்கு அடியில் அந்த வெள்ளை இறகு மறுபடி முளைத்திருந்தது. இந்தமுறை யாரும் அதன்மேல் கை வைக்கவில்லை.

ஆகவே, கேட்டவர்களே, யாருக்கும் தெரியாத தன் தவறைத் தானே முதலில் சொல்கிறவர், தான் தோற்றாலும் ஊரையே உண்மை பேச வைப்பார்.